21ஆம் கோட்டில் ஓடும் எழுத்து

அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேல் புழங்கிய என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சி முறையில் ஒரு படம் என்பது 525 கோடுகள். அவற்றில் வீட்டுத் திரையில் தெரிந்தவை ஏறக்குறைய 480 மட்டுமே. மிச்சக் கோடுகள் வீணாக விடப்பட்டவை அல்ல. படக்குழாயின் எலெக்ட்ரான் கற்றை கீழ் மூலையை எட்டியதும், தட்டச்சுப் பொறியின் உருளை அடுத்த வரிக்குத் திரும்புவதுபோல, மேல் மூலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கான அவகாசமாக அந்தக் கோடுகள் இருட்டாக விடப்பட்டன. அந்த இருட்டுக்குள்தான், 21ஆம் கோட்டில், காது கேளாதவர்களுக்கான கேப்ஷன் எழுத்துகள் பயணம் செய்தன. 1980 முதல் அமெரிக்க வீடுகளில் பதிவான எண்ணற்ற வீடியோ கேசட்டுகளில் அந்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. இப்போது அந்தக் கேசட்டுகள் கணினிக்கு மாற்றப்படுகின்றன. மாற்றும்போது படம் வருகிறது, ஒலி வருகிறது. எழுத்து பெரும்பாலும் வருவதில்லை. இது நாடாவின் பழுது அல்ல, காலத்தின் கேடும் அல்ல. 'கண்ணுக்குத் தெரிவதுதான் வீடியோ' என்று நகலெடுக்கும் கருவிகளை வடிவமைத்தவர்கள் வைத்துக்கொண்ட இலக்கணத்தின் விளைவு. அந்த இலக்கணம் தவறு என்பதும், கேப்ஷனை வீடியோவின் அலங்காரமாக அல்லாமல் அதனோடு ஒட்டி வந்த தனி ஆவணமாகக் கொண்டு, வெட்டி ஒட்டும் வேலை தொடங்கும் முன்பே அதைப் பிரித்து வைத்துவிட வேண்டும் என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

எழுத்தை ஏன் ஒளித்து அனுப்ப வேண்டியிருந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். 1972இல் பாஸ்டன் நகரின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் ஜூலியா சைல்டின் 'தி ஃப்ரெஞ்சு ஷெஃப்' சமையல் நிகழ்ச்சியைத் திரையிலேயே எழுத்து பொறித்து ஒளிபரப்பியது. அதே நிலையம் 1973 டிசம்பர் முதல் ஏ.பி.சி.யின் மாலைச் செய்தியை எழுத்து சேர்த்து அதே இரவில் மறு ஒளிபரப்பும் செய்தது. எல்லோர் திரையிலும் எழுத்து தெரிவதைக் காது கேட்கும் பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்று நிலையங்கள் தயங்கின. வேண்டியவருக்கு மட்டும் தெரியும் எழுத்து என்ற யோசனை அந்தத் தயக்கத்திலிருந்து பிறந்தது. 1972 பிப்ரவரியில் வாஷிங்டனின் கலாடெட் கல்லூரியில் ஏ.பி.சி. நிறுவனமும் தேசியத் தர நிர்ணயப் பணியகமும் சேர்ந்து அதன் மாதிரியைக் காட்டின. 1976இல் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 21ஆம் கோட்டைக் கேப்ஷனுக்கென ஒதுக்கியது. 1979இல் தேசியக் கேப்ஷன் நிறுவனம் அமைந்தது. 1980 மார்ச் 16 அன்று வழக்கமான ஒளிபரப்பு தொடங்கியது. ஆரம்பத்தில் எழுத்தைப் பார்க்க சியர்ஸ் கடைகளில் விற்ற தனி டீகோடர் பெட்டி வேண்டியிருந்தது. 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியிலும் அந்த டீகோடர் உள்ளேயே வந்தது.

இந்தக் கோட்டின் உள்ளமைப்பைக் கிட்டத்தில் பார்த்தால்தான் பின்னால் வரும் சிக்கல் புரியும். என்.டி.எஸ்.சி. படத்தின் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிகளாக வரும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடுகளைக் கொண்ட ஒவ்வொரு பாதியையும் ஃபீல்டு என்பார்கள். விநாடிக்கு 29.97 பிரேம். முதல் ஃபீல்டின் 21ஆம் கோடு தொடங்கும்போது ஏழு சுற்று அலை ஒன்று வரும். 'இந்த வேகத்தில் படி' என்று டீகோடருக்குத் தாளம் போட்டுக் கொடுக்கிறது அது. அடுத்து 0, 0, 1 என்ற தொடக்கக் குறி. பிறகு 16 பிட்டுகள். அதாவது ஒரு கோட்டில் இரண்டே எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு பிட். எட்டாவது பிட் சரிபார்ப்புக்கு. மொத்த 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. பூனை என்று பொருள்படும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அனுப்புவதாகக் கொள்வோம். 'சி' என்ற எழுத்தின் குறியீடு 1000011. அதில் மூன்று 1கள் இருப்பதால் சரிபார்ப்பு பிட் 0. 'ஏ' என்ற எழுத்து 1000001. இரண்டே 1கள் என்பதால் சரிபார்ப்பு பிட் 1. இந்த இரண்டும் ஒரு பிரேமில் போய்விடும். மூன்றாவது எழுத்து அடுத்த பிரேமுக்குக் காத்திருக்கும். வழியில் ஒரு பிட் புரண்டால் ஒற்றைப்படை விதி உடைந்து, அந்த எழுத்தை நம்பக்கூடாது என்று டீகோடர் அறிந்துகொள்ளும். இப்படி விநாடிக்குச் சுமார் 60 எழுத்துகள். பேச்சின் வேகத்துக்கு இது தாராளமாகப் போதும்.

வீட்டு வி.எச்.எஸ். நாடா இந்த எழுத்தைத் தாங்கியதற்கான காரணமும் இந்த நிதானத்தில்தான் இருக்கிறது. வி.எச்.எஸ். பதிவில் படத்தின் ஒளிச் சமிக்ஞைக்குக் கிடைக்கும் அலைவரிசை அகலம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மேற்பட்ட நுணுக்கம் எல்லாம் மங்கிவிடும். 21ஆம் கோட்டின் பிட்டுகளோ விநாடிக்கு சுமார் 5 லட்சம் என்ற வேகத்தில், கோடு முழுவதும் பரவி அகல அகலமாக வருகின்றன. ஒரு கோட்டை 720 புள்ளிகளாக அளந்தால் ஒவ்வொரு பிட்டுக்கும் ஏறக்குறைய 27 புள்ளி அகலம் கிடைக்கிறது. ஓரம் மங்கினாலும் நடுப்பகுதி வெள்ளையா கறுப்பா என்பதில் குழப்பம் வராது. எதிர்மாறான உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே சப்டைட்டில்கள் டெலிடெக்ஸ்ட் வழியாக விநாடிக்கு 69 லட்சம் பிட்டுக்கு மேல் என்ற வேகத்தில் ஒளிபரப்பாயின. பக்கம் பக்கமாகச் செய்தி, வானிலை, பங்குச் சந்தை எல்லாம் தரவல்ல வேகம் அது. ஆனால் சாதாரண வி.எச்.எஸ். நாடாவில் பதிவானதும் அந்த நுண்ணிய பிட்டுகள் ஒன்றோடொன்று கலந்து கூழாயின. இன்று கணினி நிரல்கள் அந்தக் கூழிலிருந்து டெலிடெக்ஸ்ட் பக்கங்களை மீட்கின்றன. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதால் பல பிரதிகளை ஒப்பிட்டுச் சரியானதை ஊகிக்க முடிகிறது. ஒருமுறை மட்டும் வந்து போகும் சப்டைட்டில் வரிக்கு அந்த வசதி கிடையாது. அமெரிக்க முறை குறைவாக அனுப்பியது. அதனாலேயே அது பிழைத்தது.

வி.சி.ஆர். எதையும் தெரிந்தெடுத்துப் பதிவு செய்யவில்லை என்பதும் முக்கியம். படச் சமிக்ஞை முழுவதையும், இருட்டுக் கோடுகள் உட்பட, அது நாடாவில் எழுதியது. எனவே 1985இல் டீகோடரே இல்லாத ஒரு வீட்டில், கேப்ஷன் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் பதிவு செய்த நாடாவிலும், நிகழ்ச்சிக்குக் கேப்ஷன் இருந்திருந்தால், எழுத்து இருக்கிறது. அதே கோட்டின் இரண்டாம் ஃபீல்டில் பிற்காலத்தில் வேறு தகவல்களும் சேர்ந்தன: நிகழ்ச்சியின் பெயர், நிலையத்தின் அடையாளம், வயதுத் தரம், நாள், நேரம். பொது ஒளிபரப்பு நிலையங்கள் அனுப்பிய இந்த நேரக்குறிப்பைப் படித்துத்தான் பல வி.சி.ஆர்.கள் தம் கடிகாரத்தைத் தாமே சரிசெய்துகொண்டன. மேலட்டை உதிர்ந்து, என்றைக்குப் பதிவானது என்றே தெரியாத ஒரு கேசட்டின் தேதி அதன் உள்ளேயே எழுதப்பட்டிருக்கலாம். ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2012இல் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்துவந்தார். அவர் விட்டுச்சென்ற நாடாக்கள் சுமார் 70,000. அவை 2013இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்னணு நூலகத்துக்குப் போயின. அந்த அளவிலான குவியலில் ஒரு பெயரை, ஒரு வாக்கியத்தைத் தேடுவது மனிதக் கண்ணால் ஆகிற காரியமல்ல. அதே நூலகம் 2012இல் தொடங்கிய தொலைக்காட்சிச் செய்தித் தேடல், ஒளிபரப்போடு வந்த கேப்ஷன் எழுத்தைத்தான் அகராதியாக வைத்துக்கொண்டது. காது கேளாதவருக்கென உண்டான எழுத்து, ஆய்வாளருக்குப் பொருளடக்கமாகவும் ஆனது.

இத்தனை உறுதியோடு நாடாவில் தங்கிய எழுத்து எங்கே விழுகிறது? பெரும்பாலும் கணினிக்குள் நுழையும் வாசலிலேயே. வீட்டு நாடாக்களை மாற்றப் பரவலாகப் பயன்பட்ட டி.வி. (டிஜிட்டல் வீடியோ) வடிவம் ஒரு பிரேமுக்கு 480 கோடுகளை எடுத்துக்கொள்கிறது. முதல் ஃபீல்டில் அது 23ஆம் கோட்டில் தொடங்கி 262ஆம் கோட்டில் முடிகிறது. இரண்டு கோடு முன்னால் தொடங்கியிருந்தால் எழுத்து தப்பியிருக்கும். அந்த வடிவத்தின் தரநிலையில் கேப்ஷனுக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது இதில் இன்னும் வேதனையான செய்தி. மாற்றுப் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த இடத்தை நிரப்புவதே இல்லை. அடுத்த கண்ணி, நாடாவின் நடுக்கத்தைத் திருத்தும் டைம்பேஸ் கரெக்டர் கருவி. படம் கோணாமல் நேராக நிற்க அது தேவை. ஆனால் அவற்றில் சில, வரும் இருட்டுக் கோடுகளை எறிந்துவிட்டுத் தாமே புதிய வெற்றுக் கோடுகளை வைக்கின்றன. பதிப்புரிமைக் காப்புக்காகப் போட்ட மேக்ரோவிஷன் துடிப்புகளும் அதே இருட்டுப் பகுதியில், கேப்ஷனுக்குச் சற்று மேலே இருக்கின்றன. அவற்றைத் துடைக்கும் கருவி கொஞ்சம் தாராளமாகத் துடைத்தால் 21ஆம் கோடும் சேர்ந்து போகும். கடைசிக் கண்ணி எச்.டி.எம்.ஐ. வயர். அந்த இணைப்புக்கு 21ஆம் கோடு என்ற ஒன்றே தெரியாது. படத்தையும் ஒலியையும் எடுத்துச் செல்லும். மறைந்த எழுத்தை எடுத்துச் செல்லாது. இவற்றில் எதுவுமே பழுதாகவில்லை. எல்லாமே தாம் செய்ய வேண்டியதைச் செம்மையாகச் செய்கின்றன. படத்தைப் பார்த்துத் தரத்தைச் சோதிப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. இழப்பு கண்ணில் படாததால்தான் அது தொடர்ந்து நடக்கிறது.

எழுத்தைத் தப்பவைக்கும் வழிகளும் இருக்கின்றன. தொழில்முறைப் பிடிப்புக் கருவிகள் 480க்குப் பதில் 486 கோடுகளைப் பிடிக்கின்றன. முறையாக அமைத்தால் அந்தக் கூடுதல் கோடுகளில் 21ஆம் கோடும் வந்துவிடும். படத்தின் உச்சியில், இடது ஓரத்தில் சீரான ஏழு கோடுகளும் அதையடுத்து மாறிமாறித் துடிக்கும் கறுப்பு வெள்ளைத் துண்டுகளுமாக அதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். சோனியின் ஐ.எம்.எக்ஸ். வடிவம் 512 கோடுகளைப் பதிவு செய்கிறது. இருட்டுப் பகுதியின் 32 கோடுகளும் அதில் அடக்கம். லினக்ஸ் கணினிகளில் சில பிடிப்பு அட்டைகள் இருட்டுக் கோடுகளைப் படத்திலிருந்து பிரித்துத் தனி வாசல் வழியாகவே தருகின்றன. எம்பெக்-2 வடிவில் பிடிக்கும் சில கருவிகளும் சில டி.வி.டி. ரெக்கார்டர்களும் எழுத்தைப் படித்து, கோப்புக்குள் அதற்கென உள்ள இடத்தில் சேர்த்துவிடும். இன்னும் ஒரு படி போய், வி.சி.ஆரின் காந்தத் தலையிலிருந்து வரும் மூல அலையையே பதிவு செய்து, மிச்ச வேலையெல்லாம் மென்பொருளால் செய்யும் முறையும் வந்திருக்கிறது. அதில் எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது என்ற முடிவைக் கருவி எடுப்பதில்லை. எல்லாமே கையில் கிடைக்கிறது. உச்சியில் துடிக்கும் கோட்டைப் படிப்பதும் இன்று எளிது. எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. அது பிரேம் பிரேமாக அந்தக் கோட்டைப் பார்த்து இரண்டிரண்டு எழுத்தாக எடுத்துத் தருகிறது.

வாசலைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைப்பதற்கில்லை. எடிட்டிங் மேசையில் எழுத்துக்கு இரண்டாவது கண்டம் காத்திருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் 21ஆம் கோட்டையும் படமாகவே நினைக்கும். 486ஐ 480ஆகச் சுருக்கினால் பக்கத்துக் கோடுகளோடு கலந்து எழுத்து அழியும். இரண்டு ஃபீல்டுகளைக் கலந்து ஒரே படமாக்கினாலும் அதே கதி. புள்ளி இரைச்சலைக் குறைக்க அடுத்தடுத்த பிரேம்களைச் சராசரியாக்கும் வடிகட்டி, அசையாத சுவரில் அற்புதமாக வேலை செய்யும். ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறு எழுத்தைச் சுமக்கும் கோட்டில் அதுவே அமிலம். ஒரு காட்சி கரைந்து மறு காட்சி தோன்றும் டிசால்வில் இரண்டு கேப்ஷன் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைந்து எதுவும் மிஞ்சாது. திரைப்படத்தின் பழைய 24 பிரேம் வேகத்துக்குத் திரும்ப ஐந்தில் ஒரு பிரேமை நீக்கும் வழக்கம் உண்டு. படத்துக்கு அதனால் நட்டமில்லை, ஏனெனில் நீக்குவது ஏற்கெனவே இருந்த படத்தின் மறுபிரதி. எழுத்துக்கோ எந்தப் பிரேமும் மறுபிரதி அல்ல. ஐந்தில் ஒரு பங்கு எழுத்து போகும். சொல்லின் நடுவே ஓட்டை விழும்.

இவற்றையெல்லாம் தவிர்த்து, கோட்டைத் தொடாமல் வெறுமனே காட்சிகளை வெட்டி ஒட்டினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இது நேரம் சம்பந்தப்பட்டது. முன்கூட்டியே தயாரித்த நிகழ்ச்சிகளில் கேப்ஷன் சட்டென்று முழுசாகத் திரையில் தோன்றும். விநாடிக்கு 60 எழுத்துதான் வரும் என்கிறபோது அது எப்படி முழுசாகத் தோன்றுகிறது? டீகோடருக்கு இரண்டு நினைவுப் பலகைகள் உண்டு. ஒன்று திரையில் தெரிவது, மற்றது மறைந்திருப்பது. வரும் எழுத்து முதலில் மறைந்த பலகையில் நிரம்புகிறது. 'புரட்டு' என்ற கட்டளை வந்ததும் பலகைகள் இடம் மாறுகின்றன. ஒரு வரிக்கு 32 எழுத்து என இரண்டு வரி நிரம்ப, இடம், நிறம் போன்ற கட்டளைகளும் சேர, ஒரு விநாடிக்கு மேல் ஆகும். ஆக, ஒரு பாத்திரம் பேசுவதற்கு முன்பே, முந்தைய காட்சியின் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய வசனம் 21ஆம் கோட்டில் வந்துகொண்டிருக்கும். முந்தைய காட்சியை எடிட்டர் வெட்டினால் அடுத்த காட்சியின் முதல் வசனம் அதோடு போகும். புரட்டும் கட்டளை தப்பி வசனம் மட்டும் வெட்டுப்பட்டால் பாதி வரி திரையில் நிற்கும். அழிக்கும் கட்டளை வெட்டுப்பட்டால், பேசியவர் போன பிறகும் அவர் பேச்சு திரையிலேயே கிடக்கும். நேரலைச் செய்தியில் நிலைமை தலைகீழ். ஸ்டெனோ இயந்திரத்தில் ஒருவர் கேட்டுக் கேட்டுத் தட்டுவதால் எழுத்து பேச்சுக்குச் சில விநாடி பின்தங்கி வரும். அங்கே கடைசி வாக்கியம் வெட்டில் விழும். படத்தைப் பார்த்து வெட்டும் கை, முன்னோ பின்னோ, எழுத்தைத் தவறான இடத்தில்தான் வெட்டும்.

இதிலிருந்து வேலையின் வரிசை தானாகவே கிடைக்கிறது. முதலில் நாடாவில் எழுத்து இருக்கிறதா என்று, டீகோடர் உள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு இருட்டுக் கோடுகளையும் சேர்த்துப் பிடித்து, இழப்பில்லாத வடிவில் மூலக்கோப்பாக வைக்க வேண்டும். எந்த வடிகட்டியும் எந்த வெட்டும் அதைத் தொடும் முன், எழுத்தைப் படித்துத் தனிக் கோப்பாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எந்த நேரத்தில் தோன்றியது, எப்போது மறைந்தது என்ற குறிப்பு அதில் இருக்கும். இனி எடிட்டர் படத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். எழுத்துக் கோப்பின் நேரங்களை அந்த வெட்டுக்கேற்ப நகர்த்தி மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரே ஒரு கணக்கில் கவனம் வேண்டும். விநாடிக்கு 29.97 பிரேம் என்பதை 30 என்று முழுதாக்கிக் கணக்கிட்டால் ஒரு மணி நேரத்தில் 108 பிரேம், அதாவது 3.6 விநாடி, பிசகிவிடும். தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய எழுத்து முடிவில் யாரோ பேசியதை வேறு யாரோ வாயில் போடும்.

இத்தனை பாடு எதற்கு, பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள்தான் வந்துவிட்டதே என்று கேட்கலாம். இதுவே இந்த வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி. இன்றைய மென்பொருள்கள் தெளிவான ஒலியை வியக்கத்தக்க அளவில் எழுத்தாக்குகின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய கேசட்டின் ஒலி தெளிவானதா என்று பார்க்க வேண்டும். ஒரே நாடாவில் ஆறு மணி நேரம் அடக்கும் மெதுவேகப் பதிவில் நாடா விநாடிக்கு 1.1 செ.மீ. தான் நகரும், அதன் ஓரத்தில் பதிந்த சாதாரண ஒலித்தடம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அதே நாடாவில் கேப்ஷனோ 0, 1 என்ற எண்களாக, பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு பிட்டோடு இருக்கிறது. மனிதரின் பெயர், ஊரின் பெயர், பின்னணியில் கதவு தட்டும் சத்தம், யார் பேசுகிறார் என்ற குறிப்பு, பாட்டு ஒலிக்கும் இடத்தில் இசைக்குறி என்று கேப்ஷன் எழுதியவர் தீர்மானித்துப் போட்டவை அதில் இருக்கின்றன. இவற்றைவிட அடிப்படையான காரணம் வேறு. இயந்திரம் இன்று எழுதுவது அந்த ஒலியைப் பற்றி இன்று உருவாகும் புதிய ஆவணம். நாடாவில் இருப்பது அன்று ஒரு காது கேளாத குடும்பம் வாசித்தது. வாசிக்கும் வேகத்துக்காக எதைச் சுருக்கினார்கள், எந்த வசைச்சொல்லை மெல்லியதாக்கினார்கள், நேரலையின் அவசரத்தில் எதைத் தவறாகத் தட்டினார்கள் என்பதெல்லாம் வரலாறு. புதிய எழுத்து எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தக் கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடத்தான் மென்பொருள் பெரிதும் உதவும். அதற்கும் பழையது கையில் இருக்க வேண்டும்.

டீகோடரை ஓடவிட்டு எழுத்தைப் படத்தின் மேலேயே பொறித்துவிட்டால் தீர்ந்தது என்பது அடுத்த வாதம். குடும்பத்தில் பார்ப்பதற்கு ஒரு பிரதி என்றால் அது தவறில்லை. எழுத்தே இல்லாததைவிட மேல். ஆனால் மூலப்பிரதியாக அது தேறாது. பொறித்த எழுத்து படத்தின் ஒரு பகுதியை நிரந்தரமாக மறைக்கும், அதைத் தேட முடியாது, பெரிதாக்க முடியாது, பார்வையும் குறைந்த ஒருவருக்குப் பிரெய்ல் திரையில் தர முடியாது. மறைத்து அனுப்பிய எழுத்திலிருந்து பொறித்த பிரதியை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கலாம். பொறித்ததிலிருந்து மறைந்ததை மீட்பது பெரும்பாடு. திரும்ப வழியில்லாத மாற்றத்தை வேலையின் தொடக்கத்தில் செய்வதற்கு நியாயம் ஏதும் இல்லை.

செலவு என்ற மறுப்பு நியாயமானது. எந்தச் சுருக்கமும் இல்லாமல் 486 கோடுகளைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிகாபைட் ஆகும். இழப்பில்லாச் சுருக்க முறைகள் அதைக் கணிசமாகக் குறைத்தாலும், டி.வி. வடிவின் 13 ஜிகாபைட்டோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆயிரக்கணக்கான நாடாக்கள் உள்ள சிறு நூலகத்துக்கு இது சுமை. ஆனால் சுமை எதனால் என்று பார்க்க வேண்டும். கேப்ஷன் எழுத்து ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 0.2 மெகாபைட், அந்தப் படக்கோப்பில் ஏறக்குறைய மூன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. முழுக் கோப்பையும் வைத்திருக்க வசதி இல்லாத இடத்தில், ஒருமுறை முழுதாகப் பிடித்து, எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் சிறிதாக்கி வைக்கலாம். சுருக்குவதை எழுத்தை எடுத்த பிறகு செய்தால் போதும். உச்சியில் துடிக்கும் கோடு பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்பதும் இதே வகை மறுப்பு. கோட்டை வெட்டி எறியாமல், 'மேலே இத்தனை கோட்டைக் காட்டாதே' என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதிவைக்க மெட்ரோஸ்கா, குயிக்டைம் போன்ற வடிவங்களில் இடம் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணில் அது படாது. ஆய்வாளர் கைக்கு அது கிடைக்கும்.

அந்தக் கால எழுத்தில் பிழை மலிந்திருக்கிறது, கெட்டுப்போன நாடாவில் அது இன்னும் சிதைந்திருக்கும், அதைப் பாதுகாத்து என்ன பயன் என்பாரும் உண்டு. பிழையான எழுத்து வேறு, பிழைபட்டு வந்து சேர்ந்த எழுத்து வேறு. முன்னது எழுதியவர் செய்தது, வைத்துக்கொள்ள வேண்டியது. பின்னது நாடா செய்தது. பெரும்பாலும் கண்டுபிடிக்கத் தக்கது. சரிபார்ப்பு பிட் அதற்காகவே இருக்கிறது. கட்டளைகள் ஒவ்வொன்றும் அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பப்பட்டதும் அதற்காகவே. ஒரே நாடாவை இரண்டு முறை ஓட்டிப் பிடித்தால் இரைச்சல் வேறு வேறு இடத்தில் விழும்; ஒன்றில் கெட்ட எழுத்து மற்றதில் நன்றாக இருக்கும். ஒரே நிகழ்ச்சி வேறு வீட்டு நாடாவிலும் இருந்தால் இன்னும் நல்லது. தம் காலத்து இரைச்சலை எதிர்பார்த்தே இந்த முறையை வடிவமைத்தார்கள். அவர்கள் போட்ட பாதுகாப்பை நாம் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, எழுத்து நம்பத்தகாதது என்பது பொருந்தாது.

கடைசியாக, ஹாலிவுட் படங்களெல்லாம் இப்போது நல்ல சப்டைட்டிலோடு டிஸ்க்கிலும் இணையத்திலும் கிடைக்கின்றனவே என்ற கேள்வி. படங்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் ஒரு சிறு நகரத்து நிலையத்தின் இரவுச் செய்தி, தேர்தல் விளம்பரம், ஒருமுறை மட்டும் ஒளிபரப்பாகிப் போன விவாதம் ஆகியவற்றுக்கு மறுபதிப்பு வராது. பல சமயம் அவற்றின் ஒரே பிரதி யாரோ ஒருவர் வீட்டுக் கேசட்டில்தான் இருக்கிறது. அந்தக் கேசட்டை ஓட்டும் வாய்ப்பும் சுருங்கி வருகிறது. அமெரிக்காவின் முழுச் சக்தி நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று பழைய ஒளிபரப்பை நிறுத்தின. வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை முடித்துக்கொண்டது. பல நாடாக்கள் இன்னும் ஒரே ஒருமுறைதான் நன்றாக ஓடும். அந்த ஒரு ஓட்டத்தில் எதைப் பிடிக்கிறோமோ அதுவே மிஞ்சும்.

ஆகவே ஒரு நூலகமோ ஆவணக் காப்பகமோ நாடாக்களை மாற்ற ஒப்பந்தம் போடும்போது, படத்தின் அளவு, வண்ணம், ஒலியின் தரம் என்று எழுதும் நிபந்தனைகளோடு இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: இருட்டுக் கோடுகளையும் பிடிக்க வேண்டும், கேப்ஷன் இருந்தால் அதை நேரக்குறிப்போடு தனிக் கோப்பாகத் தர வேண்டும். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை இல்லை. பணத்தில் இதன் பங்கு சிறிது. தடையாக இருப்பது, நல்ல படம் வந்துவிட்டால் நல்ல நகல் வந்துவிட்டது என்ற எண்ணம் மட்டுமே. 1980க்கு முன் காது கேளாதவருக்குப் பெரும்பாலான தொலைக்காட்சி, வாயசையும் மனிதர்களின் ஊமைப்படம். படத்தை மட்டும் காப்பாற்றும் ஒவ்வொரு நகலும், அவர்கள் போராடிப் பெற்ற பல பத்தாண்டுகளின் ஒளிபரப்பை மறுபடியும் அந்த ஊமைப்படமாகவே சேமித்து வைக்கிறது.